பொடிக்கு நடுவில் ஒரு குழி

ஏறட்டும். நன்றாக ஏறட்டும். இந்த லேப்பில் இருக்கிற மிஷினே பயந்துபோகிற அளவுக்கு என் ரத்தத்தில் சர்க்கரை ஏறட்டும். வெறும் வயிற்றில் ஒரு ஊசி குத்தி எடுத்தாயிற்று, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டே வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியையும் தின்றாயிற்று, இனி இரண்டு மணி நேரம் இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்து இன்னொரு குத்து வாங்க வேண்டும். அந்த இரண்டாவது குத்தில் வருகிற நம்பர்தான் எனக்கு வேண்டியது. சுற்றி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் குறைய வேண்டும், குறைய வேண்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நான் ஒருத்திதான் ஏறு ஏறு என்று உட்கார்ந்திருக்கிறேன். பைத்தியம் என்றால் பைத்தியம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என் வீட்டுக்காரர் சென்னியப்பன், காங்கேயம் ரோட்டில் மரச்செக்கு எண்ணெய்க் கடை போட்டிருக்கிற சென்னியப்பன், அவருக்கு அது குறைய வேண்டும். குறைந்தால் நோட்டீஸில் போடுவார். என் போட்டோவோடு. மாத்திரை மருந்து இல்லாமல் செக்கு எண்ணெயாலேயே சர்க்கரையை அடக்கிய துளசிமணி என்று. துளசிமணி அடங்கின கதை ஊருக்கே தெரியும், சர்க்கரை அடங்கின கதையையும் அடித்து விநியோகிக்கட்டும்.

எதிர்ச் சுவரில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். அமைதி காக்கவும், செல்போனில் பேச வேண்டாம். படிக்க முடிகிறது. இன்னும் படிக்க முடிகிறது, அது வரைக்கும் சரி. ஆனால் அந்த எழுத்துகளின் மேல் ஒரு கறுப்பு நூல் மிதக்கிறது. அது போர்டில் இல்லை, என் வலது கண்ணுக்குள் இருக்கிறது. கண்ணை அந்தப் பக்கம் ஓட்டினால் நூலும் ஓடுகிறது, நிறுத்தினால் கொஞ்சம் ஆடிவிட்டு நிற்கிறது. முதலில் வந்தது ஆடி மாதம், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது. அரிசியில் முடி கிடக்கிறது என்று விரலால் எடுத்தேன், வரவில்லை. மறுபடி எடுத்தேன். இல்லாத முடியை எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருந்தேனோ, சலித்துப்போய் நிமிர்ந்து பார்த்தால் சுவரிலும் அதே முடி. அன்றைக்கு முறத்தைக் கீழே வைத்தவள் அந்த அரிசியைப் புடைத்து முடிக்கவே இல்லை. இடது கண் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சோம்பேறி, எந்தப் பவரும் அதற்கு ஒத்துவராது என்று கண்ணாடிக் கடைக்காரரே கைவிட்டுவிட்டார். வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். எனக்குக் கண் என்றால் வலதுதான். போன வாரம் நூலுக்குப் பக்கத்தில் கரி அப்பின மாதிரி ஒரு தீற்றலும் சேர்ந்துகொண்டது. என் அப்பாவுக்கும் சர்க்கரை கண்ணுக்குப் போயிற்று, கடைசிக் காலத்தில் சுவரைத் தடவித் தடவித்தான் பாத்ரூமுக்குப் போவார், வீட்டுச் சுவரில் அவர் கை உயரத்துக்கு நீளமாக ஒரு அழுக்குக் கோடு. அவர் போன பிறகு வெள்ளையடித்து அதை மறைத்தோம். எனக்கும் ஒரு கோடு வரும். எங்கள் வீட்டில் வந்தால் எண்ணெய்க் கோடாக வரும், சுண்ணாம்பு கூட ஒட்டாது.

இதை இவரிடம் சொல்ல வேண்டியதுதானே என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். சொன்னால் என்ன செய்வார் என்று தெரியும், கண்ணில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடு, சூடு இறங்கும் என்பார். கால் மரத்துப்போகிறது என்றேன், தேங்காயெண்ணெயைக் காய்ச்சித் தேய் என்றார். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றேன், காலையில் வெறும் வயிற்றில் ஒரு வாய் நல்லெண்ணெயைக் கொப்பளி என்றார். இந்த மனிதரிடம் என் வாயால் சொல்லி எதுவும் எடுபட்டதில்லை, கல்யாணமான நாளிலிருந்து எடுபட்டதில்லை. ஆனால் நம்பர் சொன்னால் கேட்பார். கடை போடுவதற்கு முன்னால் ஸ்பின்னிங் மில் ஆபீஸில் கணக்கு எழுதிய ஆள், காகிதத்தில் அச்சடித்து வந்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. அதனால்தான் இன்றைக்குக் கிளம்பும்போதே பேசி வைத்துக்கொண்டோம். பேசினது அவர், வைத்துக்கொண்டது நான். நம்பர் ஏறியிருந்தால் நேராக டாக்டரம்மாவிடம் போய் மறுபடி மாத்திரை எழுதிக்கொள்வது, குறைந்திருந்தால் நேராகப் பிரஸ்ஸுக்குப் போவது. டாக்டரம்மாவிடம் போய்விட்டால் போதும். உட்கார வைத்து டார்ச் அடித்துப் பார்ப்பார், கண்ணைத் திற என்பார், நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அதனால் ஏறு சாமி, ஏறு. நீ ஏறினால் எனக்குக் கண் மிஞ்சும்.

கடைசியாகப் போன அன்றைக்கு டாக்டரம்மா என்ன சொன்னார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிய இவருக்குத்தான் ஞாபகம் இல்லை. எண்ணெயில் சர்க்கரை கிடையாது, சரிதான் என்றார். டால்டாவையும் பாமாயிலையும் விட்டுவிட்டு அந்த இடத்தில் நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ சேர்த்தால் நல்லதுதான் என்றார். ஆனால் செக்கில் ஆட்டினாலும் மிஷினில் ஆட்டினாலும் எண்ணெய் எண்ணெய்தான், ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது, உடம்பு ஊதினால் சர்க்கரை கட்டுப்படாது, பொரித்த எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது, எது செய்தாலும் மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்றார். இத்தனையும் கேட்டுவிட்டுப் படி இறங்கின மனிதர் கடைக்கு வந்து சொன்னது ஒரே வரி. நல்லெண்ணெய் நல்லதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அரை லிட்டர் எங்கே போயிற்று, மாத்திரை எங்கே போயிற்று, படியிலேயே கொட்டிவிட்டாரோ என்னவோ. நல்ல எண்ணெய் என்று பேர் வைத்தவனைச் சொல்ல வேண்டும். படமெடுத்துக் கொத்துகிற பாம்புக்கும் நாம் நல்ல பாம்பு என்றுதானே பேர் வைத்திருக்கிறோம், அதற்காக யாராவது அதைத் தட்டில் ஊற்றிக்கொள்கிறார்களா. நல்ல எண்ணெய், நல்ல பாம்பு, நல்ல மனுசன். சென்னியப்பனா, தங்கமான மனுசன் ஆச்சே என்று இவரை எல்லோரும் சொல்வார்கள். எண்ணெயின் மேல் எனக்கு என்ன கோபம், பாவம் அது எள்ளாய்க் கிடந்தது, இழுத்துக்கொண்டு வந்து ஆட்டினார்கள். எனக்குக் கோபமெல்லாம் ஆட்டினவர் மேல்தான்.

முதலில் எனக்கும் குஷியாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டால் வயிறு கலக்கும், பஸ்ஸில் எங்கேயும் நிம்மதியாகப் போக முடியாது. தைப்பொங்கலோடு அதை நிறுத்தச் சொல்லி இவர் சொன்னபோது தொல்லை விட்டது என்றிருந்தது. சொந்தச் செக்கு, அளக்கிற வேலை இல்லை. காரப் பணியாரம், வடை, வாழைக்காய் பஜ்ஜி, எதைப் போட்டாலும் சர்க்கரை இல்லாத பண்டம்தானே, தின்னு தின்னு என்றார். தின்றேன். ஊருக்கெல்லாம் சுத்தமான எண்ணெய் என்று விற்கிற மனிதர் வீட்டில் வாணலியில் மிஞ்சின எண்ணெயைக் கொட்ட விடமாட்டார், நம்ம எண்ணெய் கெடாது என்பார். அது கறுத்துப்போய்ப் பாகு மாதிரி இழுக்கிற வரைக்கும் அதிலேயே பொரிக்க வேண்டும். பொங்கலுக்குத் தைத்த ஜாக்கெட்டெல்லாம் சித்திரையில் கையில் ஏறவில்லை. தையல்காரம்மா பிரித்து விடும்போது என்னங்கக்கா நல்ல பூரிப்பா இருக்கீங்க என்றாள். பூரிப்புதான். பூரிதான் பூரிப்பு.

இந்தா ஆரம்பித்துவிட்டார். வீட்டில் உம்மென்று கிடக்கிற வாய் நாலு ஆளைக் கண்டால் போதும், பூட்டுப் போட முடியாது. எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு ஆள், நாற்பது வயதுகூட இருக்காது, காக்கிச் சட்டை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாராம், பேர் திருமூர்த்தியாம், ஊர் எது, எத்தனை குழந்தைகள், சர்க்கரை எத்தனை வருஷமாக என்பது வரைக்கும் என் தலைக்கு மேலேயே கேட்டு முடித்தாயிற்று. அடுத்து நோட்டீஸ் போகும். போயிற்று. அடுத்து அந்த வசனம். கடைத் திறப்பு விழாவில் ஆரம்பித்து இவர் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வசனம், இவர் வாயைத் திறக்கும்போதே எனக்குக் காதை மூடிக்கொள்ளத் தோன்றும்.

“எண்ணெயில சர்க்கரை இருக்குதுங்களா? ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க, இனிக்குதுங்களா? இனிக்காத ஒண்ணு எப்படிங்க சர்க்கரையை ஏத்தும்?”

அந்த ஆள் சிரிக்கிறார். எல்லோரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அரிசிச் சோறுகூடத்தான் இனிக்காது, அதை யாரும் இவரிடம் திருப்பிக் கேட்டதில்லை. மாத்திரையை நிஜமாகவே நிறுத்திவிடலாமா என்று அந்த ஆள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். வேன் ஓட்டுகிற ஆள், காலையில் மாத்திரை போட்டால் கிறுகிறுப்பு வருகிறதாம், குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓட்டப் பயமாக இருக்கிறதாம். கிறுகிறுப்பு வந்தால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும், எண்ணெய்க் கடைக்காரரிடமா கேட்பது. என்ற சம்சாரத்தையே கேளுங்க, தைக்கு நிறுத்தினது, புரட்டாசி வந்தாச்சு, ஆள் எப்படி இருக்கறான்னு பாருங்க என்று இவர் என் பக்கம் கையைக் காட்டுகிறார். கடையில் எண்ணெய் டின்னைக் காட்டுகிற அதே கை. அந்த ஆள் என்னைப் பார்க்கிறார். அவர் முகத்தின் மேல் நூல் மிதக்கிறது, ஒரு கண்ணை மறைத்துவிட்டு நகர்ந்து மூக்குக்கு வருகிறது. இல்லைங்க, போடுங்க, மாத்திரையை விட்டுறாதீங்க என்று சொல்ல வேண்டும். ஒரு வரி. வாய்க்குள் வந்துவிட்டது. ஆனால் என் தலை தன்பாட்டுக்கு ஆடிவிட்டது, ஆமாம் என்று. இத்தனை வருஷம் ஆடிப் பழகின தலை, என்னைக் கேட்டுக்கொண்டா ஆடுகிறது. அந்த ஆள் நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு என் தலையைப் பிடித்துச் சுவரில் மோதலாம் போல இருந்தது. ஏறட்டும் சாமி, இந்த ஆளின் கண் முன்னாலேயே ஏறட்டும், நம்பரைப் பார்த்துவிட்டாவது அந்த நோட்டீஸைக் கிழித்துப் போடட்டும்.

இட்லி ஏற்றும். இட்லி கட்டாயம் ஏற்றும். அஞ்சு இட்லி தின்றிருக்கிறேன், எப்போதும் மூன்றுதான், இன்றைக்கு வேண்டுமென்றே இரண்டு சேர்த்துத் தின்றேன், இவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா, பொடியைத் தட்டில் இவரே குவித்து, நடுவில் இவரே விரலால் குழி பறித்து, இவரே எண்ணெயை ஊற்றினார். வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக்கூட எடுத்து வைக்காத மனிதர். குழி நிறைந்து வழிந்து பொடியெல்லாம் மிதந்து இட்லியின் அடிக்குப் போகிற வரைக்கும் ஊற்றினார், போதுங்க என்றேன், இன்னிக்கு முக்கியமான நாள் என்றார். முக்கியமான நாள். ஏன் அப்படிச் சொன்னார். முக்கியமான நாளுக்கும் எண்ணெய்க்கும் என்ன. இரு, இரு, டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னாரே. அதுவும் அதே நாள், எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டோம், அப்போது பின்னாலிருந்து சொன்னார். டெஸ்டுக்கு வர்ற அன்னிக்கு எண்ணெய், நெய்யெல்லாம் நிறையப் போட்டுச் சாப்பிடாதீங்க, கொழுப்பு கூடினா சாப்பாடு வயித்துல மெதுவாத்தான் இறங்கும், சர்க்கரையும் மெதுவாத்தான் ஏறும், நாங்க ரத்தம் எடுக்கறப்போ குறைஞ்ச மாதிரி காட்டும், நீங்க வீட்டுக்குப் போன பிறகு ஏறும், மூணு மாசச் சராசரி பாத்தாத்தான் உண்மை தெரியும் என்றார். அப்போது இவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா. விழவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன், இவர் காதில் எதுதான் விழுந்தது. ஆனால் விழுந்திருந்தால். அந்த ஒரு வரியை மட்டும் பத்திரமாக முடிந்து வைத்திருந்து இன்றைக்கு அவிழ்த்துக் குழியில் ஊற்றியிருந்தால். திரும்பி இவர் முகத்தைப் பார்க்கிறேன். பேப்பரில் எள் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார், குழந்தை மாதிரி வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. இந்த முகத்துக்குத் தந்திரமும் தெரியுமா, இல்லை நிஜமாகவே பாசத்தில்தான் ஊற்றினாரா. இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. வயிற்றுக்குள் ஐந்து இட்லி எண்ணெயில் மிதந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. இறங்குங்கள், உங்களுக்குக் கோடி புண்ணியம், இறங்குங்கள்.

பாத்ரூமுக்குப் போகிறேன் என்று எழுந்தேன். கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பையைத் துழாவினால் அடியில் கிடக்கிறது, மாத்திரை போட்ட காலத்தில் மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ள என்று வாங்கி வைத்த தேங்காய் மிட்டாய், இரண்டு. தை மாதத்துக்கு முந்தைய மிட்டாய். காகிதம் உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது, நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது, பாதிக் காகிதத்தோடுதான் வாய்க்குள் போயிற்று. லேப்பில் இருக்கிற சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் இனிப்பைப் பார்த்தால் ஒளிந்து ஓடுவார்கள், நான் இனிப்பைத் தின்ன ஒளிந்து நிற்கிறேன், அதுவும் பினாயில் வாடைக்கு நடுவில். கடித்து மென்று விழுங்கிவிட்டு இன்னொன்றையும் போட்டுக்கொண்டேன். என்ன ருசி. மாதக்கணக்கில் இனிப்பே தொடாத நாக்கு, பாவம், எதற்குக் கொடுக்கிறார்கள் என்றுகூடக் கேட்காமல் ஊறியது. அழுகை வந்தது, அழவில்லை, இவருக்காக ஒரு சொட்டு வீணாக்குவதா. வாஷ்பேசினில் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தேன். நிமிரும்போது கண்ணுக்குள் எதுவோ அவிழ்ந்தது. வலிக்கவே இல்லை. தண்ணீரில் ஒரு சொட்டு மசி விட்டால் கீழே இறங்குமே, அந்த மாதிரி மேலிருந்து எதுவோ இறங்கியது. கண்ணைத் துடைத்தேன், கழற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்து மாட்டினேன், மறுபடி துடைத்தேன். கதவின் தாழ்ப்பாளைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு. போர்டு எங்கே. இருக்கிறது, வெள்ளையாக இருக்கிறது, அமைதி என்று ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்ததால் படிக்கிறேனா, படிப்பதால் தெரிகிறதா. பயப்படாதே துளசிமணி, கொஞ்ச நேரத்தில் அது அடியில் போய்த் தங்கிவிடும், எண்ணெய்க் கசடு தங்குகிற மாதிரி, செக்கிலிருந்து வரும்போது கலங்கலாக வருகிற எண்ணெய் ஆடாமல் வைத்தால் தெளிகிறதே. ஆடாமல் உட்கார். தலையை ஆட்டாதே. பெரிய அறிவாளி, கண்ணுக்கும் எண்ணெயைத்தான் உதாரணம் சொல்கிறேன், இந்த மனிதர் என் மூளைக்குள்ளும் செக்கைப் போட்டுவிட்டார். இப்போது சொல்லிவிடலாமா. சொன்னால் பரவாயில்லையா. நம்பர் வரட்டும், நம்பர் வந்துவிடும், ஐந்து இட்லி, இரண்டு மிட்டாய், எத்தனை எண்ணெய் ஊற்றினால்தான் என்ன, ஏறித்தானே ஆக வேண்டும். லேப் பொண்ணு பேர் சொல்லிக் கூப்பிட்டாள். போனேன், எந்த நாற்காலி என்று காலால் தட்டிப் பார்த்து உட்கார்ந்தேன், கை நீட்டினேன், குத்தினாள். ரத்தம் வந்திருக்கும். வழக்கமாக எனக்கு ரத்தத்தைப் பார்க்கப் பயம், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இன்றைக்குத் திருப்பவில்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், சிவப்பே தெரியவில்லை.

காத்திருந்தோம். அப்பாவைப் பற்றி நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அப்பாவைப் பற்றி நினைத்தேன். கண் போன பிறகும் அவர் தட்டில் எது எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித் தெரிந்துகொள்வார், பொடிக்கு நடுவில் குழியைத் தடவிப் பார்த்து எண்ணெய் போதாது என்பார். அம்மா ஊற்றுவாள், ஆசைப்படுகிறார் என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். இவரும் பாசத்தில் ஊற்றியிருந்தால் நான் எதைப் பிடித்துக்கொண்டு இவரை வெறுப்பது. வேண்டாம், தந்திரத்தில்தான் ஊற்றினார், அப்படியே இருக்கட்டும், எனக்கு அது வேண்டும். கவுண்டரில் கூப்பிட்டார்கள். இவர்தான் போனார். செருப்புச் சத்தம் போயிற்று, நின்றது. பிறகு திரும்பி வருகிற செருப்புச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எள் விலை இறங்கின அன்றைக்கு வருவாரே, அந்த நடை. குறைந்திருக்கிறது. இட்லி ஏமாற்றிவிட்டது, மிட்டாய் ஏமாற்றிவிட்டது, என் ரத்தமே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. வெறும் வயிற்று நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இரண்டாவது நம்பரைத்தான் திருமூர்த்தியிடம் பாத்தீங்களா பாத்தீங்களா என்கிறார். லேப் பொண்ணு எதையோ சொல்ல வருகிறாள், டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறாள், அதெல்லாம் தேவையில்லை கண்ணு, நேரா பிரஸ்ஸுக்குத்தான் என்று சிரிக்கிறார். உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள் என்று நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது. வீட்டில் இந்தா, ஏய் என்று கூப்பிடுகிற மனிதர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என் பேரைச் சொல்கிறார்.

“துளசி, இந்தா, நீயே படி. நான் சொன்னா கடைக்காரன் சொல்றான்னுவாங்க. உன்ற வாயால சத்தமாப் படி.”

காகிதம் என் கையில் இருக்கிறது. மிஷினிலிருந்து வந்த சூடு இன்னும் ஆறவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன், தள்ளிப் பிடித்தேன், சாய்த்துப் பிடித்தேன். ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் புகை. படி படி என்கிறார், கூச்சப்படுறா என்று அவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். இப்போதும் தலையாட்டிவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், தலை தயாராகத்தான் இருந்தது. இடது கையால் தாடையைப் பிடித்து அதை நிறுத்தினேன்.

“எனக்குத் தெரியலைங்க,” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என் பக்கத்தில் திருமூர்த்தி எழுந்து நிற்பது மட்டும் நிழலாகத் தெரிந்தது, அவர் சட்டைப் பையில் காகிதம் சரசரத்தது. இவர் குனிந்து என் பையைத் திறந்து எதையோ தேடினார்.

“கண்ணாடியைப் போட்டுட்டுப் படி புள்ள.”

“போட்டுட்டுத்தாங்க இருக்கறேன்.”